இரத்த முடிச்சும் சகோதரத்துவமும்: ஒரு சிற்றரங்க நாடகத்தை முன்வைத்து

நம் கூட்டங்களில் மேடையேறும் ஒவ்வொருவரும் ‘சகோதரர்களே’ என்று விளித்தே உரையைத் தொடங்குகின்றனர். மடல் எழுதுவோரும் அவ்வாறே தொடங்குகின்றனர். ஓசை இனிய அச்சொல்லை உச்சரிக்க எந்தச் செலவும் இல்லை. ஆனால் திருக்குர்ஆன் நமக்கு எடுத்துரைக்கும் உடன்பிறந்தாரின் வரலாறுகளை ஒரு முறை வரிசைப்படுத்திப் பார்த்தால் இந்த இனிமை கலைந்துவிடுகிறது. பூமியில் முதன்முதலாகச் சிந்திய மனித இரத்தம் உடன்பிறந்தவன் கையால் சிந்தியது. யூசுப் (அலை) அவர்களைக் கிணற்றில் இட்டவர்கள் அயலார் அல்லர். இறைத்தூதர்களான மூஸா (அலை), ஹாரூன் (அலை) ஆகியோரிடையேகூட ஒருவர் மற்றவரின் தலையையும் தாடியையும் பற்றி இழுத்த ஒரு கணம் பதிவாகியுள்ளது. சகோதரத்துவம் இரத்தத்தால் தானே உறுதிப்பட்டுவிடும் என்று வேதம் ஓரிடத்திலும் கருதவில்லை. அது காக்கப்பட வேண்டிய ஒன்று, கைவிட்டால் கொலையாக முடியக்கூடிய ஒன்று என்றே அவ்வரலாறுகள் கூறுகின்றன.

இந்தச் சிந்தனையோடு அணுகத்தக்க ஒரு நாடகம், தென்னாப்பிரிக்க நாடகாசிரியர் அதோல் ஃபியூகார்ட் எழுதிய ‘இரத்த முடிச்சு’. 1961ஆம் ஆண்டு ஜோஹன்னஸ்பர்க் நகரில், டார்க்கே ஹவுஸ் என்னும் பழைய கட்டடத்தில், கறுப்பினக் கலைஞர்கள் ஒத்திகைக்குப் பயன்படுத்திய ஓர் அறையில் அது அரங்கேறியது. மேடையில் இருவர் மட்டுமே. ஒருவர் வெள்ளையரான ஃபியூகார்ட். மற்றவர் கறுப்பரான ஸேக்ஸ் மொகாயே. ஒரே தாய்க்கு வெவ்வேறு தந்தையரிடம் பிறந்த இரு சகோதரர்களாக அவர்கள் நடித்தனர். உலக நாடக இலக்கியத்தில் நிலைபெற்றுவிட்ட இப்படைப்பை முஸ்லிம் வாசகர்களாகிய நாம் எவ்வாறு படிப்பது, அது நம்மிடம் எதைக் கேட்கிறது, அதன் குறை எங்குள்ளது என்பவற்றை இங்கு ஆராய முற்படுகிறோம்.

காலமும் சட்டமும்

ஒரு நாடகத்தை அதன் காலத்திலிருந்து பிரித்துப் பேசுவது பெரும்பாலும் தவறாகவே முடியும். இந்நாடகத்தைப் பொறுத்தவரை அது இயலவே இயலாது. தென்னாப்பிரிக்காவில் 1948இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி, நிறத்தின் அடிப்படையில் மனிதரை வகுக்கும் ஏற்பாட்டைச் சட்டங்களாக்கி அடுக்கியது. வெள்ளையரும் பிறரும் மணம் புரிவதை 1949ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 1950ஆம் ஆண்டின் மக்கட்பதிவுச் சட்டம் ஒவ்வொரு குடிமகனையும் ஓர் இனப் பட்டியலில் இட்டது. அதே ஆண்டில் வந்த குழுப்பகுதிச் சட்டம், எந்த இனத்தார் எத்தெருவில் வாழலாம் என்பதை அரசின் கையில் ஒப்படைத்தது. வெள்ளையரோ கறுப்பரோ அல்லாதாரைக் ‘கலப்பினத்தார்’ என்றொரு தொகுதியில் அடைத்து, பின்னர் அதையும் உட்பிரிவுகளாகக் கூறுபோட்டனர். ஒருவரின் தோற்றமும், அவரை ஊரார் எவ்வாறு கருதினர் என்பதும் இந்த வகைப்பாட்டுக்கு அளவுகோல்கள் ஆயின. ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள் வெவ்வேறு பட்டியலில் இடப்பட்ட கொடுமையும் நிகழ்ந்தது.

இந்த உட்பிரிவுகளுள் ஒன்றுக்கு ‘மலாய்’ என்று பெயர். நன்னம்பிக்கை முனையின் முஸ்லிம்களே அப்பெயரால் குறிக்கப்பட்டனர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அடிமைகளாகவும் நாடுகடத்தப்பட்டோராகவும் கொண்டுசென்ற மக்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். கீழைத்தீவுகளிலிருந்து மட்டுமன்றி வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை ஆகிய இடங்களிலிருந்தும் அடிமைகள் அங்கு கொண்டுசெல்லப்பட்டனர். ரொபன் தீவில் சிறையிருந்த துவான் குரு நினைவிலிருந்தே திருக்குர்ஆனை எழுதினார் என்பதையும், 1794இல் கேப் டவுனில் அவ்வல் பள்ளிவாசல் தோன்றியதையும் அச்சமூகம் இன்றும் பெருமையோடு நினைவுகூர்கிறது. ஆகவே இந்நாடகம் பேசும் சட்டங்கள் எங்கோ யாருக்கோ நேர்ந்தவை அல்ல. நம்மோடு ஒரே கிப்லாவை நோக்கித் தொழுத மக்களின் வீடுகளையும் அவை இடித்தன. கேப் டவுனின் ஆறாம் வட்டாரம் 1966இல் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டது. வீடுகள் தரைமட்டமாகிப் பள்ளிவாசல்கள் மட்டும் தனித்து நின்றன. போர்ட் எலிசபெத் நகரின் சவுத் எண்ட் பகுதிக்கும் அதே கதி நேர்ந்தது. இதே ஆட்சியை எதிர்த்த இமாம் அப்துல்லாஹ் ஹாரூன் 1969இல் காவலில் இருந்தபோது உயிர்நீத்தார்.

ஃபியூகார்ட் 1932இல் கரூ வறள்நிலத்து மிடில்பர்க்கில் பிறந்து போர்ட் எலிசபெத்தில் வளர்ந்தவர். அவர் தாய் ஆஃப்ரிக்கானர். தந்தை ஆங்கில மொழியினர். 1958இல் ஃபோர்ட்ஸ்பர்க்கில் இருந்த நீதிமன்றத்தில் எழுத்தராகச் சில காலம் பணிபுரிந்தார். அனுமதிச் சீட்டு இல்லாத குற்றத்துக்காகக் கறுப்பு மக்கள் வரிசையாக நிறுத்தப்பட்டுச் சில நிமிடங்களில் சிறைக்கு அனுப்பப்படுவதை அங்கு நாள்தோறும் கண்டார். 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில் என்னுமிடத்தில் அதே சீட்டு முறையை எதிர்த்துக் கூடிய மக்கள்மீது காவல்துறையினர் சுட்டதில் 69 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டில் இந்நாடகம் மேடைக்கு வந்தது. இத்தனை இருந்தும் நாடகத்தில் ஒரு காவலரோ, நீதிபதியோ, ஊர்வலமோ இல்லை. இருப்பது ஒரு குடிசையும் இரு சகோதரர்களுமே.

குடிசைக்குள் நிகழ்வது

போர்ட் எலிசபெத்தை ஒட்டிய கோர்ஸ்டன் சேரியில், தகரத்தாலும் பெட்டிப் பலகைகளாலும் அட்டைகளாலும் சாக்குகளாலும் ஒட்டுப்போட்ட ஓர் அறை. இரு கட்டில்கள், ஒரு மேசை, இரு நாற்காலிகள், ஒரு விழிப்பூட்டும் கடிகாரம். வெளியே தொழிற்சாலைக் கழிவால் நாறும் ஏரி. மாரிஸ் வெளிர் நிறத்தவன், படிக்கத் தெரிந்தவன். சகரியா கரிய நிறத்தவன், எழுத்தறியாதவன். பகல் முழுதும் ஒரு வாயிலில் நின்று கறுப்புச் சிறுவர்களை விரட்டுவது சகரியாவின் வேலை. கறுப்பனைக் கொண்டே கறுப்பரை விரட்டும் ஏற்பாடு அது. மாலையில் அவன் கால்கள் வலிக்க வீடு திரும்பும் நேரத்தை அறிந்து, வெந்நீரில் உப்பு கலந்து வைத்துக் காத்திருக்கிறான் மாரிஸ். பல ஆண்டுகள் அண்ணன் தம்பி என்ற உறவே இல்லாமல் எங்கோ அலைந்துவிட்டு ஓராண்டுக்கு முன்னர்தான் அவன் திரும்பி வந்திருக்கிறான். வெள்ளையனாக நடமாட முயன்றவன் அவன் என்பது பின்னரே நமக்குப் புலனாகிறது.

மாரிஸிடம் ஒரு கனவு உண்டு. சகரியாவின் கூலியில் மிச்சம் பிடித்து, இருவருமாக ஒரு சிறு பண்ணை வாங்க வேண்டும். சகரியாவுக்கோ இன்றைய பொழுதின் தனிமை பெரிதாக இருக்கிறது. அவனை ஆற்றுவதற்காக மாரிஸ் நாளிதழ் விளம்பரத்திலிருந்து ஒரு பேனா நட்பைத் தேடித் தருகிறான். சகரியாவின் பெயரில் மாரிஸ் கடிதம் எழுதுகிறான். எத்தல் என்னும் பெண்ணின் மறுமொழியோடு நிழற்படமும் வருகிறது. அவள் வெள்ளைப் பெண். அவளுடைய உடன்பிறந்தவனோ காவல்துறையில் பணிபுரிபவன். மாரிஸ் அஞ்சி நடுங்குகிறான். சகரியாவோ தனக்குக் கிடைத்திருக்கும் இந்த விந்தையை விட மறுக்கிறான். அவள் ஊருக்கு வருவதாக எழுதியதும், பண்ணைக்காகச் சேர்த்த பணத்தையெல்லாம் கொட்டி ஒரு கனவானின் உடையை வாங்கி வருகிறான். அது தனக்கல்ல என்பது அவனுக்குத் தெரியும். வெள்ளையனாகத் தோன்றக்கூடியவன் மாரிஸ்தான். உடையை அவன் அணிய வேண்டும், அவளை அவன் சந்திக்க வேண்டும்.

அவள் வரவில்லை. வேறொருவனுக்கு நிச்சயிக்கப்பட்டுவிட்டதாகக் கடிதம் வருகிறது. ஆனால் உடை அங்கேயே இருக்கிறது. அதை அணிந்து மாரிஸ் வெள்ளையனாகவும் சகரியா அவன்முன் நிற்கும் கறுப்பனாகவும் விளையாட்டுக்கு நடிக்கத் தொடங்குகின்றனர். ஒரு பூங்காவைக் கற்பனை செய்துகொண்டு தொடங்கும் அந்த விளையாட்டில், மாரிஸின் வாயிலிருந்து வரும் வசைச்சொல் உண்மையான வசையாகவே ஒலிக்கிறது. சகரியாவின் கைகளில் ஏறும் சினமும் உண்மையானதே. கொலைக்கு ஒரு நொடி முன்னதாகக் கடிகாரம் அடிக்கிறது. இருவரும் மீண்டும் சகோதரர்களாகின்றனர். எதிர்காலம் என்று ஒன்றும் இனி இல்லை. இந்தக் கட்டு மட்டுமே எஞ்சியிருக்கிறது என்ற உணர்வோடு திரை விழுகிறது.

சிற்றரங்கத்தின் அறம்

இக்கதையைப் பெரிய மண்டபத்தில் நடத்த முடியாதா என்று கேட்கலாம். நடத்தியிருக்கின்றனர். 1985இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கொன்றில் ஃபியூகார்டும் மொகாயேயும் மீண்டும் இதே பாத்திரங்களை ஏற்று நடித்தனர். ஆனால் இதன் இயல்பான இருப்பிடம் சிறிய அரங்கே என்பது நம் கருத்து. வசதிக் குறைவால் நேர்ந்த இடச்சுருக்கம் இங்கு பொருளின் பகுதியாகவே ஆகிவிட்டது.

காரணத்தை நாடகத்தின் கட்டமைப்பிலேயே காணலாம். இதில் முதல் ஒரு மணி நேரம் ஏறக்குறைய ஒன்றுமே நிகழ்வதில்லை. கால் கழுவுகின்றனர். உணவு உண்கின்றனர். உறங்குமுன் சில வார்த்தைகள் பேசுகின்றனர். கடிகாரம் அடித்தால் எழுகின்றனர்; மீண்டும் அடித்தால் படுக்கின்றனர். தொலைவிலிருந்து காண்பவனுக்கு இது சலிப்பைத் தரலாம். ஐந்தடித் தொலைவில் அமர்ந்திருப்பவனோ பாத்திரத்திலிருந்து எழும் ஆவியைக் காண்கிறான். பாதத்தை நீரில் இறக்கும்போது எழும் பெருமூச்சைக் கேட்கிறான். மாரிஸ் எவ்வளவு பொறுப்போடு நீரின் சூட்டைப் பார்க்கிறான் என்பதையும், அந்தப் பொறுப்பிலேயே ஓர் ஆதிக்கம் ஒளிந்திருப்பதையும் அறிகிறான். பணிவிடை செய்பவனே வீட்டின் காலத்தை ஆள்கிறான், கடிகாரம் அவன் கையில் இருக்கிறது என்பது சொல்லப்படாமலே புரிகிறது. பின்னர் வரும் கொந்தளிப்பு இந்த அன்றாடத்திலிருந்தே எழுகிறது. அன்றாடத்தை அருகிலிருந்து காணாத பார்வையாளனுக்கு இறுதிக் காட்சி வெறும் கூச்சலாகவே தோன்றும்.

எனவே இதை மேடையேற்றும் இயக்குநர் எதிர்கொள்ளும் முதல் சோதனை, தீவிரம் என்பதை உரத்த குரலாக எண்ணிவிடாமல் இருப்பது. சிறிய அரங்கில் குரலை உயர்த்துவது எளிது. அதனால் நாடகம் கெடுவதும் எளிது. இந்நாடகத்தின் முற்பாதியில் சிரிப்பு உண்டு. கடிதம் எழுதும் காட்சிகளில், எழுத்தறியாதவன் சொல்லச் சொல்ல எழுத்தறிந்தவன் அதைத் திருத்தி எழுதும் வேடிக்கையில், பார்வையாளர் மனம்விட்டுச் சிரிக்கின்றனர். அந்தச் சிரிப்பை இயக்குநர் அடக்கக்கூடாது. நிழற்படத்திலிருப்பவள் வெள்ளைப் பெண் எனத் தெரியவரும் கணத்தில் நம் சிரிப்பே நம்மைக் குற்றவாளிகளாக்குகிறது. நாமும் அந்த விளையாட்டில் பங்கேற்றிருந்தோம் என்பது அப்போதுதான் உறைக்கிறது.

இரண்டாவது சோதனை கால அளவு. முதல் அரங்கேற்றம் நான்கு மணி நேரத்தை நெருங்கியதாகச் சொல்லப்படுகிறது. பின்னர் ஃபியூகார்டே அதைச் சுருக்கினார். சுருக்கிய வடிவம் செறிவானது என்பதில் ஐயமில்லை. எனினும் வறுமையில் காலம் எவ்வளவு மெல்ல நகரும் என்பதை அந்த நீண்ட வடிவம் பார்வையாளனின் உடலுக்கே உணர்த்தியிருக்கக்கூடும். சுருக்கத்தில் நாம் பெற்றதைப் போலவே இழந்ததும் உண்டு.

மூன்றாவதும் கடினமானதுமான சோதனை, யாரை நடிக்கவைப்பது என்பது. 1961இன் பார்வையாளர் மேடையில் கண்டது என்ன? சட்டப்படி வெள்ளையரான ஒருவர் கலப்பினத்தவனாக நடிக்கிறார். அக்கலப்பினத்தவன் வெள்ளையனாக நடிக்கிறான். இந்த மூன்று அடுக்குகளில் எது முகம், எது முகமூடி என்று பிரிக்க முயலும் பார்வையாளனின் கண், அரசு அதிகாரி குடிமக்களை வகைப்படுத்தப் பயன்படுத்திய அதே கண்ணாகிவிடுகிறது. நிறத்தைக் கொண்டு மனிதனை அறிய முடியும் என்ற சட்டத்தின் அடிப்படையே அந்தச் சிறிய அறையில் நகைப்புக்கிடமாயிற்று. அந்நாட்டில் கறுப்பரும் வெள்ளையரும் பொதுமேடையில் சமமாக இணைந்து நடித்த தொடக்க நிகழ்வுகளுள் ஒன்றாக இவ்வரங்கேற்றம் கருதப்படுகிறது. 1965இல் கலப்பு நடிகர் குழுவுக்கும் கலப்புப் பார்வையாளருக்கும் அரசு தடைவிதித்தது என்பதே, ஓர் ஒத்திகை அறை அதிகாரத்தை எவ்வளவு அச்சுறுத்தவல்லது என்பதற்குச் சான்று.

சட்டையும் மேலங்கியும்

இந்நாடகத்தைப் படிக்கும் முஸ்லிம் வாசகர்க்கு யூசுப் (அலை) வரலாறு நினைவுக்கு வராமல் போகாது. அவ்வரலாற்றில் ஒரு சட்டை மும்முறை தோன்றுகிறது. முதலில் பொய்யான இரத்தம் தோய்ந்து தந்தையிடம் வருகிறது. பின்னர் பின்புறம் கிழிந்து யூசுபின் தூய்மைக்குச் சாட்சியாகிறது. இறுதியில் யஃகூப் (அலை) அவர்களின் முகத்தில் இடப்பட்டு அவருக்குப் பார்வையை மீட்டுத் தருகிறது. அது வந்துசேருமுன்னரே அதன் மணத்தை முதிய தந்தை உணர்கிறார். உடன்பிறந்தார் செய்த குற்றமும் அதன் தீர்வும் ஓர் ஆடையின் வழியே சொல்லப்படுகின்றன.

ஃபியூகார்ட் அவ்வரலாற்றை எண்ணி எழுதினார் என்று நாம் கூறவில்லை. எனினும் இவர் நாடகத்திலும் இரு ஆடைகள் உள்ளன. ஒன்று சகரியாவின் பழைய மேலங்கி. அவன் உறங்கும்போது மாரிஸ் அதை எடுத்து அணிந்துகொள்கிறான். ஒருவனது மணத்துக்குள் நம்மைப் பொதிந்துகொண்டால் அவன் உள்ளத்துக்குள் புகுந்துவிடலாம் என்ற பொருள்பட அவன் பேசும் இடம், நாடகத்தின் மிக மென்மையான இடங்களுள் ஒன்று. மற்றொன்று சேமிப்பையெல்லாம் விழுங்கிய புதிய உடை. அதை அணிந்ததும் மாரிஸுக்கு வேறொரு நடை, வேறொரு குரல் வந்துவிடுகிறது. பழைய மேலங்கி சகோதரனை அறிவதற்கு. புதிய உடை சகோதரனை மறப்பதற்கு. ஒரே மனிதன் இரண்டையும் அணிகிறான்.

இங்கு நாம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். புதிய உடையை மாரிஸ் மீது சகரியாவே திணிக்கிறான். ஒடுக்கப்பட்டவன் தன் உழைப்பின் மிச்சத்தைக் கொண்டு தன்னை ஒடுக்குபவனை உருவாக்கித் தன் வீட்டிலேயே நிறுத்திப் பார்க்கிறான். தாழ்த்தப்பட்டோர் உள்ளத்தில் தாழ்த்துவோரின் பிம்பமே அழகின் அளவுகோலாகக் குடிகொண்டுவிடுகிறது என்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்டுதல் அரிது. நிறவெறிக்கு எதிராக எழுதப்பட்ட பல நாடகங்களினின்றும் இந்நாடகம் வேறுபடுவது இவ்விடத்தில்தான்.

தாயின் பெயரால்

வசைச்சொல்லின் கட்டத்துக்கு வருவோம். மாரிஸ் தன் வாயில் வெள்ளையனின் வசையை ஏந்தும்போது அது அவன் தாயையும் சேர்த்தே சுடுகிறது. அவ்விருவருக்கும் பொதுவாக எஞ்சியிருப்பது அவள் ஒருத்திதானே. விளையாட்டின் நடுவே ஒரு முதியவளின் உருவம் கற்பனையில் வருகிறது, அவள் விரட்டப்படுகிறாள். வெள்ளையனாக ஆக விரும்புபவன் முதலில் விரட்ட வேண்டியிருப்பது தன் தாயை.

இதைப் படிக்கும்போது, புகாரீயில் இடம்பெற்றுள்ள அபூதர் (ரலி) அவர்களின் நிகழ்வை நாம் நினைத்துக்கொண்டோம். அவர் ஒருவரைத் தாயைக் குறித்து இழிவாகப் பேசிவிட்டார். உரையாசிரியர் சிலர் அம்மனிதர் பிலால் (ரலி) என்பர். அறியாமைக் காலத்தின் பண்பு இன்னும் உம்மிடம் எஞ்சியிருக்கிறது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அபூதரைக் கண்டித்தார்கள். அபூதர் சாதாரண மனிதர் அல்லர். இஸ்லாத்தை முதன்முதலில் ஏற்றோருள் ஒருவர். எளிமைக்கும் உண்மைக்கும் பெயர்பெற்றவர். அத்தகையவர் நாவிலும் அது எஞ்சியிருந்தது. ஈமான் கொண்ட கணத்திலேயே நிறவேற்றுமை நீங்கிவிடும் என்று நபியவர்கள் கருதவில்லை. கண்காணித்துக் களைய வேண்டிய ஒன்றாகவே அதைக் கண்டார்கள். கறுப்பரைவிட வெள்ளையருக்கோ வெள்ளையரைவிடக் கறுப்பருக்கோ இறையச்சத்தாலன்றி வேறெதனாலும் சிறப்பில்லை என்று இறுதிப் பேருரையின்போது அறிவித்ததும் அந்தக் கண்காணிப்பின் தொடர்ச்சியே.

மூஸா (அலை) சினந்து தம் சகோதரரைப் பற்றி இழுத்தபோது ஹாரூன் (அலை) அவரைப் பெயர் சொல்லியோ தந்தையை முன்னிட்டோ அழைக்கவில்லை. தாயை முன்னிட்டே விளித்தார். இரக்கத்தை எழுப்பவே அவ்வாறு அழைத்தார் என்று விரிவுரையாளர்கள் விளக்குவர். அந்த விளிப்பில் மூஸாவின் கை தளர்ந்தது; அவர் தமக்காகவும் தம் சகோதரருக்காகவும் மன்னிப்பு வேண்டினார். ஃபியூகார்டின் சகோதரர்களோ தாயை விரட்டிவிட்டனர். ஆகவே அந்தக் கடைசி நொடியில் அழைப்பதற்கு அவர்களிடம் ஒரு பெயர் இல்லை. ஓர் இயந்திரம்தான் அவர்களைத் தடுக்கிறது.

கடிகாரமும் காகமும்

ஆதம் (அலை) அவர்களின் இரு மைந்தர் வரலாற்றில் கொலை நிகழ்ந்த பின்னரே காகம் வருகிறது. மண்ணைக் கிளறி, உடலை மறைக்கும் வழியைக் கொலையாளிக்குக் கற்பிக்கிறது. ஒரு பறவைக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்று அவன் வருந்துகிறான். அவ்வரலாற்றில் மற்றொருவரும் இருக்கிறார்: தன்னைக் கொல்ல வருபவன்மீது கையோங்க மாட்டேன் என்று இறைவனை அஞ்சி நின்றவர். இந்நாடகத்தில் அத்தகைய ஒருவர் இல்லை. இருவருமே காபில் ஆகக்கூடியவர்கள். மாரிஸ் ஒருமுறை தன் சகோதரனைக் கைவிட்டு ஓடியவன். சகரியா இப்போது கையோங்கி நிற்பவன்.

கடிகார ஒலியால் கொலை தடுக்கப்படுவதை நாடக நுட்பத்தின் வெற்றியாகப் போற்றுவோர் உண்டு. நாம் அதில் ஒரு வெறுமையையும் காண்கிறோம். மணியடித்தது, பிழைத்தனர். நாளை மணியடிக்கத் தவறினால்? அவர்களைத் தடுக்கும் ஆற்றல் அவர்கள் உள்ளத்தில் பிறக்கவில்லை. ஐரோப்பிய இருத்தலியல் சிந்தனை, சிறப்பாகக் காம்யுவின் எழுத்து, ஃபியூகார்டை ஆழமாகப் பாதித்தது. நம்பிக்கையின்றியும் கடமையைச் செய்துகொண்டிருப்பதே மனித மாண்பு என்னும் அந்நோக்கு நாடகத்தின் முடிவில் தெளிவாகத் தெரிகிறது. அதற்கு ஒரு மதிப்பு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு விபரீதத்துக்கும் இடந்தருகிறது. சட்டமன்றத்தில் கைகளை உயர்த்தி மனிதர் இயற்றிய சட்டங்கள், மனிதகுலத்தின் மாறாத விதியைப் போல அரங்கில் தோற்றமளிக்கத் தொடங்குகின்றன. மக்கட்பதிவுச் சட்டம் விதியன்று என்பதை வரலாறு மெய்ப்பித்தது. 1991இல் அது நீக்கப்பட்டது. 1994இல் அனைத்து மக்களும் வாக்களித்தனர். அம்மாற்றத்துக்காகச் சிறையேகியோர், உயிர்நீத்தோர் எவரும் எதிர்காலம் இல்லை என்று எண்ணி அதைச் செய்யவில்லை.

பெண்பாத்திரங்கள் பற்றியும் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. தாயும் எத்தலும் மேடைக்கு வருவதே இல்லை. ஒருத்தி குற்றவுணர்வின் நிழல். மற்றவள் ஆசையின் நிழல். இருவர் மட்டுமே நடிக்கும் நாடகத்தில் இது தவிர்க்க இயலாதது எனலாம். ஆயினும் அந்தத் தாயின் வாழ்வைப் பற்றி ஏதும் அறியாமலேயே நாம் அரங்கைவிட்டு எழுந்து செல்கிறோம்.

கறுப்பரின் துயரை வெள்ளையர் ஒருவர் எழுதலாமா என்ற வினாவும் அந்நாட்டில் எழுப்பப்பட்டது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. நாடகம் தென்னாப்பிரிக்காவில் சுற்றுப்பயணம் சென்றபோது, மேடையில் சகோதரர்களாக நடித்த இருவரும் தொடர்வண்டியில் ஒரே பெட்டியில் அமர இயலவில்லை. ஃபியூகார்ட் முதல் வகுப்பிலும் மொகாயே மூன்றாம் வகுப்பிலும் பயணம் செய்தனர். ஃபியூகார்ட் இந்த முரணைப் பொறுத்துக்கொண்டு அமைதியாக இருந்துவிடவில்லை. பிரித்து அமர்த்தப்படும் பார்வையாளர்முன் தங்கள் நாடகங்களை நடிக்க அனுமதிக்க வேண்டாம் என்று 1962இல் உலக நாடகாசிரியர்களை அழைத்தார். பிரித்தானியத் தொலைக்காட்சி 1967இல் இந்நாடகத்தை ஒளிபரப்பிய பின்னர் அவருடைய கடவுச்சீட்டு பறிக்கப்பட்டது. மொகாயே வெளிநாட்டில் வாழ நேர்ந்தது. 2009இல் அமெரிக்காவில் காலமானார். ஃபியூகார்ட் 2025 மார்ச்சில் தம் 92ஆம் வயதில் மறைந்தார். எழுதும் உரிமை பிறப்பால் வருகிறதா, கொடுத்த விலையால் வருகிறதா என்பதற்கு இவ்விருவர் வாழ்வும் ஓரளவு விடை கூறும்.

நமக்கான கேள்வி

தென்னாப்பிரிக்காவின் சட்டங்கள் நீங்கிவிட்டன. எனினும் நாடகம் பழமையடையவில்லை. 2012இல் நியூயார்க்கின் சிக்னேச்சர் அரங்கில் ஃபியூகார்டே அதை மீண்டும் இயக்கினார். சட்டம் போன பின்னும் கண் போகவில்லை என்பதே அதன் நீடிப்புக்குக் காரணம்.

நம் சமுதாயத்தில் நிறச்சட்டம் ஒருபோதும் இருந்ததில்லை. தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்கிறோம். அது உலகுக்கு நாம் காட்டும் பெருமை. ஆனால் திருமணப் பேச்சு தொடங்கும் வீட்டில் மணப்பெண்ணின் நிறம் முதல் வினாவாக எழுவதில்லையா? குடும்பப் பெயரும் மரபும், முன்னோர் செய்த தொழிலும் உரசிப் பார்க்கப்படுவதில்லையா? அண்மையில் இஸ்லாத்தை ஏற்ற குடும்பத்தாரோடு சம்பந்தம் செய்ய முன்வருவோர் எத்தனை பேர்? அறியாமைக் காலத்தின் எச்சம் அபூதரிடமே சுட்டிக்காட்டப்பட்டதெனில், நம்மிடம் அது இல்லை என்று எந்தத் துணிவில் கூறுவோம்? வரிசையில் நிற்கும்போது பழைய மேலங்கியை அணிகிறோம். வீடு திரும்பிப் புதிய உடைக்கு மாறிவிடுகிறோம்.

நடிப்புக் கலை குறித்து நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அவற்றை இங்கு விவாதிக்கவில்லை. இந்நாடகமே நடிப்பின் ஆபத்தைப் பற்றியதுதான் என்பதை மட்டும் சுட்டுகிறோம். விளையாட்டுக்காக ஏற்ற வேடம் நம்மை விழுங்கிவிடக்கூடும் என்று அது எச்சரிக்கிறது. மேன்மையானவர் போல நடிக்கத் தொடங்கியவர் ஒரு நாள் உடன்பிறந்தவனை அந்த வேடத்தின் கண்களாலேயே நோக்குகிறார்.

யூசுப் (அலை) அதிகார உடையில் இருந்தபோதுதான் அவருடைய சகோதரர்கள் வறுமையோடு அவர்முன் நின்றனர். அவர் அவர்களை அறிந்திருந்தார். அவர்கள் அவரை அறியவில்லை. பழிவாங்க எல்லா வாய்ப்பும் இருந்த அந்த நாளில் அவர் எந்தக் கடிகாரத்தின் ஒலிக்காகவும் காத்திருக்கவில்லை. தம்மை வெளிப்படுத்தி, அவர்கள்மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை என்றறிவித்து, தம் சட்டையைக் கழற்றித் தந்தைக்கு அனுப்பினார். இரத்தம் முடிச்சிட்டதை மன்னிப்பு காத்தது. கோர்ஸ்டன் குடிசையில் இருந்த இருவருக்கும் கிட்டாதது அதுதான். முடிச்சு இருக்கிறது என்பதோடு ஃபியூகார்ட் நின்றுவிடுகிறார். அதற்கு அப்பால் செல்லும் வழி நமக்குக் காட்டப்பட்டிருக்கிறது. அவ்வழியில் நாம் நடந்திருக்கிறோமா என்பதே, அந்தச் சிறிய அரங்கின் விளக்குகள் அணைந்த பின் நம்மோடு வீடுவரை வரும் கேள்வி.